சுடுவதா, விடுவதா? எந்த ஆண் மானைப் போகவிட வேண்டும்

ஹண்டர் எஜுகேஷன் வகுப்பை முடித்துவிட்டீர்கள். லைசென்ஸும் டேகும் கையில் இருக்கின்றன. துப்பாக்கி குறி பிசகாமல் சுடுகிறது. இனி ஒரு காலையில், நீங்கள் பரணில் உட்கார்ந்திருக்கும்போது, காட்டோரத்திலிருந்து கொம்புள்ள மான் ஒன்று வெளியே வரும். அதைச் சுடுவதா, போகவிடுவதா என்று முடிவெடுக்கச் சில சமயம் ஒரு நிமிடம் கிடைக்கும், பல சமயம் அதற்கும் குறைவு. இந்த அத்தியாயம் அந்த ஒரு நிமிடத்துக்கானது. நான் சொல்ல வருவது இதுதான்: எதைப் போகவிடுவது என்பதை வயதை வைத்துத் தீர்மானியுங்கள், வயதை உடலை வைத்துத் தீர்மானியுங்கள், கொம்பைக் கடைசியாகப் பாருங்கள். பெரும்பாலானவர்கள் இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்கிறார்கள். கண் முதலில் கொம்புக்குப் போகிறது, முனைகளை எண்ணத் தொடங்குகிறது, எண்ணி முடிப்பதற்குள் விரல் விசைக்குப் போய்விடுகிறது. இன்னும் வளர வேண்டிய ஒன்றரை வயது மான் செத்து விழுவது பெரும்பாலும் இப்படித்தான்.

இங்கே சொல்வதெல்லாம் அமெரிக்காவின் வெள்ளைவால் மானுக்கும் அந்நாட்டுச் சட்டங்களுக்கும் மட்டுமே உரியது. இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை தண்டனைக்குரிய குற்றம். இலங்கையிலும் குற்றமே.

ஏன் கொம்பை நம்பக் கூடாது

வெள்ளைவால் மானின் கொம்பு ஆண்டுதோறும் குளிர்கால வாக்கில் உதிர்ந்துவிடும். வசந்தத்தில் புதிதாக முளைத்து, கோடை முடிவதற்குள் முழு அளவுக்கு வந்து, மேல்தோல் உரிந்து எலும்பாகி நிற்கும். அதாவது ஒவ்வோர் ஆண்டும் அந்த உடல் கொம்பை முதலிலிருந்து கட்டியாக வேண்டும். இளவயதில் தின்ற சத்தின் பெரும்பங்கு எலும்பும் சதையும் வளரவே செலவாகிவிடுகிறது. நான்கைந்து வயதில் உடல் நிறைவடைந்த பிறகுதான் கொம்புக்குத் தாராளமாக மிஞ்சுகிறது. பெரும்பாலான ஆண் மான்களின் கொம்பு ஐந்து முதல் ஏழு வயதுக்குள்தான் உச்சத்தை எட்டுகிறது. ஒன்றரை வயதில் அதன் தலையில் என்ன இருக்கிறது என்பதோ, அது கோடையின் தொடக்கத்தில் பிறந்ததா பிந்திப் பிறந்ததா, தாய்க்கு அந்த ஆண்டு தீனி எப்படி, மழை பெய்ததா பொய்த்ததா என்பவற்றையே பெரிதும் பொறுத்தது. பென் கோர்த், ஜேம்ஸ் க்ரோல் இருவரும் தெற்கு டெக்சஸில் காட்டு மான்களைப் பிடித்து, அடையாளமிட்டு விட்டு, பின்னாளில் மறுபடி பிடித்து அளந்து 2008இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது: முதல் கொம்பில் பெரியதும் சிறியதுமாக இருந்த மான்களுக்கிடையே நாலரை வயதை எட்டும்போது குறிப்பிடத்தக்க வேறுபாடு மிஞ்சவில்லை.

இதற்கு எதிரான கருத்து டெக்சஸிலேயே உண்டு. அதை ஒதுக்கிவிட்டுப் போக முடியாது. கெர் வனவிலங்கு மேலாண்மைப் பகுதியில் வேலியடைத்து வளர்த்த மான்களை வைத்து நடந்த ஆய்வுகளில், முதல் ஆண்டில் கிளை பிரியாத கொம்பு முளைத்தவை, அதாவது வேட்டைக்காரர்கள் ஸ்பைக் என்று சொல்பவை, முதிர்ந்த பிறகும் மற்றவற்றைவிடச் சிறிய கொம்புடனேயே இருந்தன. ‘ஸ்பைக்கைக் கண்டால் சுடு’ என்ற வழக்கம் பரவியதில் இந்த ஆய்வுகளுக்குப் பெரும் பங்கு உண்டு. ஆனால் அங்கே எல்லா மான்களுக்கும் ஒரே தீனி. தீனி சமமாக இருக்கும்போது பிறப்பு வழி வேறுபாடு வெளியே தெரிவது இயல்பு. காட்டில் தீனியும் பிறந்த நாளும் மானுக்கு மான் மாறுவதால், ஸ்பைக் பிறவியிலேயே மட்டமானதா, பிந்திப் பிறந்ததா, வறட்சியில் வளர்ந்ததா என்று பரணிலிருந்து பார்த்து யாராலும் சொல்ல முடியாது. சொல்ல முடிந்தாலும் பயன் குறைவு. கொம்பின் பிறப்பு வழிப் பண்பில் பாதி தாயிடமிருந்து வருகிறது. தாயின் தலையில் பார்த்துத் தெரிந்துகொள்ள எதுவும் இல்லை. தெற்கு டெக்சஸின் கோமாஞ்சி பண்ணையில், சீசர் கிளெபெர்க் ஆய்வு நிறுவனத்தினர் 2006 முதல் பல ஆண்டுகள் சிறிய கொம்பு மான்களைக் கடுமையாகக் கழித்துப் பார்த்தார்கள். ஒரு தனி வேட்டைக்காரர் கனவிலும் நினைக்க முடியாத அளவுக்கு நடந்த அந்தக் கழிப்பில்கூட அடுத்த தலைமுறையின் கொம்பு மேம்படவில்லை. ஆண் மான்களின் எண்ணிக்கைதான் குறைந்தது. ஆகவே ‘இனத்தைத் திருத்துகிறேன்’ என்று சொல்லி இளம் மானைச் சுடுவதற்கு ஆதாரம் இல்லை.

கொம்பை வைத்து விதி போட்டால் என்ன ஆகும் என்பதற்கு மிசிசிப்பி நல்ல சான்று. 1995இல் அங்கே மாநிலம் முழுவதும் நான்கு முனைக்குக் குறைந்த ஆண் மானைச் சுடக் கூடாது என்று விதி வந்தது. இளம் மானைக் காப்பதுதான் நோக்கம். ஆனால் நல்ல மண்ணில், நல்ல தீனியில் வளரும் மானுக்கு ஒன்றரை வயதிலேயே நான்கு முனை வந்துவிடும். அதனால் ஒரே வயதுக் கூட்டத்தில் செழிப்பானவை சுடப்பட்டன, நலிந்தவை தப்பின. சில இடங்களில் அந்தக் கூட்டம் முதிர்ந்தபோது கொம்பளவு முன்பைவிடக் குறைந்திருந்ததை 2001இல் வெளியான ஆய்வு காட்டியது. பின்னர் மாநிலம் முனைகளை எண்ணுவதை விட்டு, கொம்பின் உள்ளகலத்துக்கும் தண்டின் நீளத்துக்கும் மாறியது. பென்சில்வேனியாவிலும் 2002இல் முனைகளை எண்ணும் விதிதான் வந்தது: பெரும்பகுதியில் ஒரு பக்கம் மூன்று முனை, மேற்குப் பகுதியில் நான்கு. அது பயன் தந்தது. அதற்கு முன் அங்கே சுடப்பட்ட கொம்பு மான்களில் பெரும்பாலானவை ஒன்றரை வயதானவை, இப்போது இரண்டரையும் அதற்கு மேலும்தான் அதிகம். காரணம், அந்த மாநிலத்தில் ஒன்றரை வயது மான்களில் பல ஒரு பக்கம் மூன்று முனையை எட்டுவதில்லை. இரண்டு மாநிலமும் எண்ணியது முனையை, தேடியது வயதை. முனை வயதோடு ஒத்துப்போன இடத்தில் விதி பலித்தது, ஒத்துப்போகாத இடத்தில் கெடுத்தது. சட்டத்துக்கு எண்ணக்கூடிய ஓர் அளவு வேண்டும், அதனால் அது கொம்பைப் பிடித்துக்கொள்கிறது. உங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. சட்டத்தின் அளவைத் தாண்டிய மானிடம் நீங்கள் நேராகவே வயதைப் பார்க்கலாம்.

வீட்டில் எடுக்க வேண்டிய முடிவுகள்

மான் கண்ணில் பட்டதும் நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும். அந்த நேரத்தில் கொள்கை வகுக்க முடியாது. அதனால் கீழ்க்கண்டவற்றைப் பருவம் தொடங்கும் முன் முடித்துவிடுங்கள்.

1. அந்த ஆண்டின் விதிநூலைப் படியுங்கள். மாநில விதி மட்டும் போதாது. உங்கள் கவுண்டி அல்லது வேட்டைப் பிரிவின் விதியைப் பாருங்கள். டெக்சஸில் 2002இல் ஆறு கவுண்டிகளில் தொடங்கி இப்போது நூற்றுக்கும் மேற்பட்ட கவுண்டிகளில் உள்ள விதிப்படி, கொம்பின் உள்ளகலம் 13 அங்குலமாவது இருக்க வேண்டும், அல்லது ஒரு கொம்பாவது கிளை பிரியாமல் இருக்க வேண்டும். அடுத்த கவுண்டியில் அந்த விதியே இல்லாமல் போகலாம். ஓஹாயோ, கென்டக்கி போன்ற மாநிலங்களில் ஆண்டுக்கு ஒரே ஒரு கொம்பு மான்தான். அங்கே இளம் மானைச் சுட்டுவிட்டால் அந்தப் பருவத்தில் ஆண் மான் வேட்டை உங்களுக்கு முடிந்தது.

2. உங்களுக்கு என்ன வேண்டும் என்பதைத் தெளிவாக்குங்கள். இறைச்சிதான் நோக்கம் என்றால், அனுமதி உள்ள இடத்தில் பெண் மானுக்கான டேக் எடுப்பதே நேரான வழி. மான் கூட்டத்தின் எண்ணிக்கையைக் கட்டுக்குள் வைப்பதும் பெண் மான் வேட்டைதான். ஆண்களைச் சுடுவதால் அடுத்த ஆண்டுக் குட்டிகள் பெரிதாகக் குறைவதில்லை. ஃப்ரீசர் நிறைந்துவிட்டால், ஆண் மானிடம் பொறுமை காட்டுவது எளிதாகிவிடும்.

3. வயது எல்லையை நிலத்துக்கு ஏற்ப வையுங்கள். வளர்ந்த ஆண் மான் ஒன்று ஆண்டு முழுவதும் நடமாடும் பரப்பு சராசரியாக ஒரு சதுர மைல், அதாவது 640 ஏக்கர் அளவில் இருக்கும். இடத்துக்கு இடம் கூடும், குறையும். ஐம்பது ஏக்கரில் வேட்டையாடும் ஒருவர் ஐந்து வயது மானைத்தான் சுடுவேன் என்று உறுதி எடுத்தால் பல ஆண்டுகள் வெறுங்கையோடு இறங்க நேரிடும். பலரும் வந்துபோகும் பொது நிலத்திலும் சிறு நிலத்திலும் ஒன்றரை வயதுக்காரனைப் போகவிட்டு, இரண்டரைக்கு மேல் சுடலாம் என்பது நியாயமான எல்லை. அக்கம்பக்கத்தார் ஒத்துழைத்தால் மூன்றரை. பல ஆயிரம் ஏக்கர் ஒரே கட்டுப்பாட்டில் இருந்தால் மட்டுமே நாலரை, ஐந்தரை என்று பேசுங்கள்.

4. எல்லையை ஒரு தாளில் எழுதிப் பையில் வையுங்கள். ‘குறைந்தது இரண்டரை, சந்தேகம் வந்தால் போகவிடு’ என்ற அளவுக்குப் போதும்.

முதன்முறை வேட்டைக்குப் போகிறவர்கள் இந்த மூன்றாம் எண்ணைத் தங்கள் மேல் கடுமையாகத் திணித்துக்கொள்ள வேண்டியதில்லை என்பது என் கருத்து. சட்டம் அனுமதிக்கும், சுத்தமாகச் சுட முடிந்த எந்த ஆண் மானும் முதல் மானாக இருக்கத் தகும். குறி வைப்பது, அடிபட்ட தடத்தைப் பின்தொடர்வது, குடலெடுப்பது, இறைச்சியைக் கெடாமல் வீடு சேர்ப்பது ஆகியவற்றை ஒரு முறையாவது செய்து பார்த்த பிறகுதான் ‘போகவிடுகிறேன்’ என்பதற்கு அர்த்தம் வருகிறது. பிள்ளைகளை அழைத்துப்போகும்போதும் அப்படியே. பெரியவர்களின் வயது எல்லையை அவர்கள் மேல் சுமத்தாதீர்கள்.

பரணில்: பார்க்கும் வரிசை

1. பைனாகுலரை எடுங்கள், துப்பாக்கியை அல்ல. ஸ்கோப் வழியாக மானை அடையாளம் காண முயல்வது பெரும் பிழை. அது மான் அல்லாமல் மனிதராக இருந்தால், குண்டு நிரப்பிய துப்பாக்கியை ஒரு மனிதர் மேல் குறிவைத்திருக்கிறீர்கள் என்று பொருள். 8x42 அல்லது 10x42 பைனாகுலர் போதும்.

2. பின்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள். மேட்டின் உச்சியில் வானத்தை ஒட்டி நிற்கும் மான், பின்னால் சாலையோ வீடோ வேறொரு மானோ இருக்கும் மான், தோட்டாவைத் தாங்கும் மண் பின்னால் இல்லாத மான், இவற்றை எந்த வயதானாலும் போகவிட வேண்டும். இந்தப் படியில் விழுந்துவிட்டால் மேலே எதையும் யோசிக்க வேண்டாம்.

3. சட்டப்படி சுடத் தக்கதா? இந்த ஒரு காரணத்துக்காக மட்டும் கொம்பை இப்போது ஒரு முறை பாருங்கள். டெக்சஸ் விதிக்கு எளிய வழி உண்டு. மான் காதுகளை விறைத்து நிமிர்த்தும்போது ஒரு காது நுனியிலிருந்து மறு காது நுனி வரை அங்கே சுமார் 13 அங்குலம். கொம்பின் உட்பக்கம் அதற்கு வெளியே தெரிந்தால் போதுமான அகலம் இருக்கிறது. வட மாநிலங்களில் மானின் உடலே பெரியது, காதகலமும் கூடுதல். அந்த அளவை அப்படியே அங்கே கொண்டுபோகக் கூடாது.

4. கொம்பை மறந்துவிட்டு உடலைப் பாருங்கள். மான் பக்கவாட்டில் திரும்பும் வரை காத்திருங்கள். நேர் எதிரே நிற்கும் மானிடமும், முதுகு காட்டும் மானிடமும் வயது தெரியாது. எந்த இடத்தில் என்ன பார்ப்பது என்பது அடுத்த பகுதியில் இருக்கிறது.

5. வாய்க்குள் சொல்லிப் பாருங்கள். ‘கழுத்து மெலிவு, வயிறு ஒட்டியிருக்கிறது, கால் நீளம்: ஒன்றரை.’ மூன்று அடையாளங்களைச் சொற்களாக்க முடியாவிட்டால் நீங்கள் இன்னும் பார்க்கவில்லை என்று பொருள்.

6. எல்லையைத் தாண்டவில்லை என்றாலும், தாண்டியதா என்று ஐயம் இருந்தாலும் போகவிடுங்கள்.

7. தாண்டிவிட்டது என்று உறுதியானால் கொம்பைப் பார்ப்பதை நிறுத்துங்கள். முடிவு எடுத்த பிறகும் கொம்பையே பார்த்துக்கொண்டிருந்தால் குறி தவறும். மான் பக்கவாட்டாகவோ சற்றே விலகிய கோணத்திலோ நிற்கும்போது, முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னே நெஞ்சுக்கூட்டில் கண்ணை வையுங்கள். கோணம் சரியில்லை என்றால், அது எவ்வளவு முதிர்ந்த மானாக இருந்தாலும், இதுவும் போகவிட வேண்டிய மான்தான்.

*குறிப்பு:* பரணில் ஏறும்போதும் இறங்கும்போதும் உடல் வாரும் பாதுகாப்புக் கயிறும் பூட்டியே இருக்க வேண்டும். துப்பாக்கியில் குண்டு இல்லாமல், தனிக் கயிற்றில் கட்டி மேலே இழுத்துக்கொள்ளுங்கள். நல்ல மானைக் கண்ட பரபரப்பில் எழுந்து திரும்பும்போதும் விழுந்துவிடலாம்.

உடலில் வயதைப் படிப்பது

சரியான வயதைச் சொல்லச் சொன்னால் தேர்ந்த உயிரியலாளர்களும் அடிக்கடி தவறுவார்கள். உங்களுக்கு அவ்வளவு நுட்பம் தேவையில்லை. இளசு, நடுத்தரம், முதிர்ந்தது என்று மூன்றாகப் பிரிக்கத் தெரிந்தால் முடிவெடுத்துவிடலாம்.

ஒன்றரை வயதுக்காரனை அடையாளம் காண்பது எளிது. கொம்பைக் கையால் மறைத்துவிட்டுப் பார்த்தால் பெண் மான் என்றுதான் சொல்வீர்கள். கழுத்து மெல்லியது, அது தோளோடு சேரும் இடம் துல்லியமாகத் தெரியும். கால்கள் உடலுக்குப் பொருந்தாத நீளமாகத் தோன்றும். நெஞ்சு ஆழமில்லை, வயிறு மேலேறி ஒட்டியிருக்கும். முகம் மெலிந்து நீண்டிருக்கும். நடத்தையிலும் தெரியும்: பெரும்பாலும் வெளிச்சத்திலேயே, முன்பின் பார்க்காமல் திறந்த வெளிக்கு வரும். இரண்டரை வயதுக்காரனுக்கு உடல் சற்று நீண்டு நிறைந்திருக்கும், ஆனால் இடுப்பு இன்னும் ஒடுங்கியே இருக்கும். கால்கள் இன்னும் நீளம்தான். பலர் ஏமாறுவது இந்த வயதில்தான், ஏனெனில் கொம்பு இப்போது எட்டு முனையோடு அழகாகத் தெரியத் தொடங்கிவிடுகிறது.

மூன்றரை வயதில் தோளும் நெஞ்சும் ஆழமாகிவிடும்; நெஞ்சு பின்தொடையைவிடப் பெரிதாகத் தெரியும். ரட் என்று வேட்டைக்காரர்கள் சொல்லும் இணைசேரும் பருவத்தில் கழுத்து புடைத்துவிடும். ஆனாலும் கழுத்து முடிந்து நெஞ்சு தொடங்கும் கோடு இன்னும் தெரியும், அடிவயிற்றுக் கோடு இன்னும் நேராகவே இருக்கும். நாலரை வயதில் அந்த இடுப்பு மறைகிறது; வயிறு நெஞ்சின் ஆழத்துக்கு வந்துவிடுகிறது. ஐந்தரைக்கு மேல் கழுத்து நேராக நெஞ்சுச் சதையோடு கலந்துவிடும், அடிவயிறு தொங்கும், முதுகு சற்றுத் தாழும், உடல் கனத்ததால் கால்கள் குட்டையாகத் தோன்றும். உண்மையில் கால் குட்டையாகவில்லை. அதன் மேலிருக்கும் உடல்தான் கீழே இறங்கியிருக்கிறது.

இன்னோர் அடையாளத்தைப் பைனாகுலரில் கூர்ந்து பாருங்கள். பின்னங்காலின் மடிப்பில், உட்புறமாக, முடி அடர்ந்த ஒரு சுரப்பி இருக்கிறது. இணைசேரும் பருவத்தில் ஆண் மான்கள் இரண்டு பின்னங்காலையும் சேர்த்துவைத்து அதன் மேல் சிறுநீர் வடிய விட்டுத் தேய்த்துக்கொள்ளும். இளம் மானிடம் அது பழுப்பாக, வட்டமான சிறு கறையாக இருக்கும். முதிர்ந்த மானிடம் கருத்து, ஈரம் தோய்ந்து, கறை குளம்பை நோக்கி வழிந்திருக்கும். அரை வெளிச்சத்திலும் இந்தக் கறுப்பு தெரியும். இது தனியாக நின்று சாட்சி சொல்லாது. மேலே சொன்ன உடலடையாளங்களோடு சேர்ந்தால் மிக உதவும்.

தடுமாறும் இடங்கள்

வட மாநிலங்களில் இணைசேரும் பருவம் நவம்பர் நடுவில் உச்சமடைகிறது. தெற்கு டெக்சஸில் டிசம்பர். அந்த நாட்களில் ஆண் மான் தின்னாமல் அலைகிறது, உடல் எடையில் கால் பங்கு வரை இழக்கிறது. பருவம் முடிந்த பிறகு, கழுத்து வற்றி, வயிறு ஒட்டிய நாலரை வயது மான் மூன்றரை போலத் தோன்றும். அதேபோல் செப்டம்பரில் கழுத்து புடைக்காத முதிர்ந்த மானைக் குறைத்து மதிப்பிடுவோம். எனவே மேலே சொன்ன அடையாளங்களை அவை நன்கு தெரியும் பருவத்தின் அளவாக வைத்துக்கொண்டு, மாதத்துக்கு ஏற்பத் திருத்திப் பாருங்கள். குளிரில் முடி சிலிர்த்து நிற்கும் மான் பெரிதாகத் தோன்றும் என்பதையும் மறக்காதீர்கள்.

தனியாக வரும் மானை ஒப்பிட எதுவும் இருக்காது. பெண் மான் பக்கத்தில் இருக்கும்போது ஆண் மானின் உடலை மதிப்பிடுவது எளிது. தனியாக வந்தால், முடிந்தவரை காத்திருங்கள். சட்டப்படி சுடக்கூடிய நேரம் பொதுவாகச் சூரியன் எழுவதற்கு அரை மணி முன்பே தொடங்கிவிடும். அதனால் அந்த அரை மணியில் வயது தெரியும் என்று பொருளல்ல. ஒரு மானைப் பார்த்ததும் அது பெரிது என்று உறுதிகொண்டு, சுட்ட பிறகு அருகே போய்ப் பார்த்தால் கொம்பு சிறுத்துவிட்டதாகத் தோன்றுவது வேட்டைக்காரர்கள் நன்கறிந்த ஏமாற்றம். பெரும்பாலும் அது அரை வெளிச்சமும் அவசரமும் சேர்ந்து செய்தது.

பெண் மான் என்று நினைத்து ஆண் குட்டியைச் சுடுவது இன்னொரு பிழை. ஆறேழு மாதமான ஆண் குட்டிக்குக் கொம்பு வெளியே தெரியாது, தோலுக்கடியில் இரண்டு மொட்டு மட்டுமே. அதனால் விதியும் அதைக் கொம்பில்லா மானாகவே கணக்கிடும்; ஆனால் நீங்கள் அடுத்த ஆண்டு ஆண் மானைத்தான் இழக்கிறீர்கள். குட்டியின் முகம் குட்டை, உடல் கட்டைபோல் சதுரம். காதுகளுக்கிடையே தலை வளைந்திருந்தால் பெண், தட்டையாக இருந்தால் ஆண். கூட்டமில்லாமல் முதலில் துணிந்து வெளியே வரும் சிறு மானை நம்பாதீர்கள். அது பெரும்பாலும் ஆண் குட்டிதான். ஒன்றுக்கு மேற்பட்டவை சேர்ந்து வரும் வரை பொறுத்து, பெரியதைச் சுடுங்கள்.

வரும் மறுப்புகள்

‘நான் விட்டால் பக்கத்து நிலத்தான் சுடுவான்’ என்பதைத்தான் அடிக்கடி கேட்கிறோம். அதில் உண்மை இருக்கிறது. ஒன்றரை வயதுக்கு முன்னும் பின்னுமாக இளம் ஆண் மான்களில் பெரும்பாலானவை பிறந்த இடத்தை விட்டுச் சில மைல் தொலைவுக்குப் போய்விடுகின்றன. நீங்கள் விட்ட மான் உங்களிடமே முதிரும் என்று யாரும் உறுதி தர முடியாது. ஆனால் அதே கணக்கு மறுபக்கமும் ஓடுகிறது. உங்கள் நிலத்தில் இன்று நிற்கும் மூன்றரை வயது மான் பெரும்பாலும் வேறொருவர் நிலத்தில் பிறந்து, அங்கே யாரோ சுடாமல் விட்டதால் வந்தது. மேலும் செத்த மான் நிச்சயமாக முதிராது. விட்ட மானுக்கு வாய்ப்பாவது இருக்கிறது. ஆகவே பக்கத்து நிலத்தாரோடு போட்டி போடுவதைவிட அவரோடு பேசுவது பயன் தரும். ஐந்தாறு நிலத்தார் சேர்ந்து ஒன்றரை வயதைச் சுடுவதில்லை என்று வாய்வழி ஒப்புக்கொண்டாலே மாற்றம் தெரியும். அமெரிக்கா முழுவதும் இப்படிப்பட்ட கூட்டுறவுக் குழுக்கள் உள்ளன. ஆல் பிரதர்ஸ், மர்ஃபி ரே இருவரின் 1975ஆம் ஆண்டு நூலிலிருந்து பரவிய தரமான மான் மேலாண்மை இயக்கம் நடைமுறையில் இத்தகைய கூட்டுறவையே நம்பி நிற்கிறது.

இன்னொரு மறுப்பு: முதிர்ந்த ஆண்கள் இருந்தால்தான் நல்ல குட்டிகள் பிறக்கும் என்று சொல்லித்தானே இளசை விடச் சொல்கிறீர்கள்? நான் அப்படிச் சொல்லவில்லை. மரபணுச் சோதனை செய்து பார்த்த ஆய்வுகளில், முதிர்ந்த மான்கள் நிறைய இருந்த இடங்களில்கூட ஒன்றரை, இரண்டரை வயது மான்கள் சுமார் மூன்றில் ஒரு பங்கு குட்டிகளுக்குத் தந்தையாக இருந்தன. இளசை விடுவதற்குக் காரணம் அடுத்த தலைமுறையின் பிறப்பு அல்ல; இந்த மானே இன்னும் வளரும், கூட்டத்தில் எல்லா வயதும் இருக்கும் என்பதுதான்.

மூன்றாவது மறுப்புதான் கனமானது: சிடபிள்யூடி எனப்படும் உடல் நலிவு நோய். 1967இல் கொலராடோவில் அடைத்து வளர்த்த மான்களில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட இந்த நோய் இப்போது பல மாநிலங்களில் இருக்கிறது. பிடித்த மான் பிழைப்பதில்லை. முதிர்ந்த ஆண் மான்களிடம் இது பெண் மான்களைவிட அதிகம் காணப்படுகிறது. அப்படியானால் ஆண்களை முதிர விடுவது நோயை வளர்ப்பதாகாதா? நோயுள்ள பகுதிகளில் இந்த மறுப்பை நான் ஏற்கிறேன். மிசோரி மாநிலம் நோய் மேலாண்மைக் கவுண்டிகளில் கொம்பு முனை விதியையே நீக்கியது. உங்கள் கவுண்டி அப்படிப்பட்ட பகுதியில் இருந்தால், இந்த அத்தியாயத்தின் வயது எல்லைகளை ஒதுக்கிவிட்டு மாநிலத் துறை சொல்வதைச் செய்யுங்கள். அங்கே சுட்ட எந்த மானையும் சோதனைக்குக் கொடுத்து, முடிவு வரும் வரை இறைச்சியைத் தனியே உறைய வையுங்கள். மனிதருக்குத் தொற்றியதாக இதுவரை உறுதியான சான்று இல்லை. இருந்தாலும் நோயுள்ள மானின் இறைச்சியை உண்ண வேண்டாம் என்பதே அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையத்தின் அறிவுரை. எலும்பும் தோலுமாய், தலை தாழ்ந்து, எச்சில் வடிய, மனிதரைக் கண்டும் ஓடாமல் நிற்கும் மானை வயது பார்க்காமல் உடனே துறைக்குத் தெரிவியுங்கள்.

சுட்ட பிறகு: உங்கள் கண்ணைச் சோதிப்பது

பரணில் நீங்கள் சொன்ன வயது சரியா என்று தெரிந்துகொள்ளாவிட்டால் அடுத்த ஆண்டும் அதே பிழை தொடரும். நம் ஊர்ச் சந்தையில் மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்த்து வயது சொல்வது போலவே மானுக்கும் கீழ்த்தாடைப் பல்தான் சாட்சி.

1. மானைக் கையிலெடுத்ததும், தாடையைப் பார்ப்பதற்கு முன், நீங்கள் பரணில் மதிப்பிட்ட வயதை நோட்டில் எழுதுங்கள். நாளும், எடையும், பாலூட்டும் பெண்ணா என்பதும் சேரட்டும்.

2. கீழ்த்தாடையின் ஒரு பக்கக் கடைவாய்ப் பற்களை எண்ணுங்கள். நான்கு அல்லது ஐந்து மட்டும் இருந்தால் அது அந்த ஆண்டுக் குட்டி. ஆறு இருந்தால் முன்னிருந்து மூன்றாவது பல்லைக் கவனியுங்கள். அதில் மூன்று முகடுகள் இருந்தால் பால்பல். மான் ஒன்றரை வயது. இரண்டு முகடுகள் மட்டும் இருந்து, மற்ற பற்களைவிட வெண்மையாக இருந்தால் பால்பல் இப்போதுதான் விழுந்திருக்கிறது. இதுவும் ஒன்றரையையொட்டிய வயதே.

3. அதற்கு மேல் வயதைப் பற்தேய்மானத்தை வைத்துச் சொல்வார்கள். பல்லின் கூரிய வெள்ளை ஓரத்தையும் அதன் நடுவே தெரியும் பழுப்புப் பகுதியையும் ஒப்பிடுங்கள். பழுப்பு அகலமாக அகலமாக வயது கூடுகிறது. மணற்பாங்கான நிலத்தில் பல் வேகமாகத் தேயும், அதனால் முழு நம்பிக்கை வைக்காதீர்கள்.

4. உறுதியாகத் தெரிய வேண்டும் என்றால் கீழ்த்தாடையின் முன்பற்கள் இரண்டை வேரோடு எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பலாம். வேரில் ஆண்டுக்கு ஒன்றாகப் படியும் அடுக்குகளை எண்ணிச் சொல்வார்கள்.

5. டிரெயில் கேமராவில் பதிந்த அதே மானின் படங்களை எடுத்து, நோட்டில் எழுதிய வயதையும் பல் சொன்ன வயதையும் அவற்றின் அடியில் குறித்து வையுங்கள். கேமராவைப் பொருத்துவதற்கு முன் மாநில விதியைப் பாருங்கள். அரிசோனா 2022 முதல் வேட்டைக்குக் கேமரா பயன்படுத்துவதைத் தடைசெய்திருக்கிறது. நீங்கள் போகவிட்ட மான்களின் படங்களையும் அதே கோப்பில், தேதியோடும் மதிப்பிட்ட வயதோடும் சேருங்கள். அடுத்த இலையுதிர் காலத்தில் அந்த மான் மறுபடி கேமராவில் வந்தால், இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்துக் கழுத்தையும் இடுப்பையும் அடிவயிற்றுக் கோட்டையும் ஒப்பிட்டு, பழைய மதிப்பீட்டைச் சிவப்பு மையில் திருத்தி எழுதுங்கள்.